வெயிலுக்கு எழுதிய சீட்டு

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்ன தோரணை, சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று சொல்வதுபோல இருந்தது. கையுறையைக் கழற்றி வாளியில் போட்டார், கை கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்துப் பெயர் எழுதவும் தொடங்கிவிட்டார். பரிபூரணம் இன்னும் மேசையிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்து முடிக்கவில்லை.

"கர்ப்பப்பை வாயில புண். நாலு தடவை மாத்திரை குடுத்தாச்சு. நாலு தடவையும் ஆறுற மாதிரி ஆறித் திரும்பி வந்திருக்கு. எதுக்கு வீணா அவஸ்தைப்படறே? எடுத்துட்டா மாசாமாசம் தொந்தரவும் இல்லை. உன்னை மாதிரி இருக்கறவங்களுக்கு இதுதான் லேசு."

உன்னை மாதிரி என்றால் என்ன மாதிரி என்று பரிபூரணத்துக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் படுக்கிறவள் மாதிரி. விலாசம் கேட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறவள் மாதிரி.

எண்பத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம். இடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். தர்ம ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வோம். தர்மம் என்பதால் சீட்டு இலவசம், மாத்திரை இலவசம், ஏச்சும் இலவசம். பரிபூரணம் இராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வந்திருந்தாள். நான்கு மாதமாக அடிவயிறு கனத்துத் தொங்கியது. வெள்ளைப்பட்டு வெள்ளைப்பட்டு உள்பாவாடை நாறியது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தபோது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வெட்கம் வலியைவிடப் பொல்லாதது.

"இதுல உன் புருஷன் கையெழுத்து வேணும்" என்று டாக்டரம்மா படிவத்தை நீட்டினார்.

"புருசன் வேற ஒருத்திகூட இருக்கான் டாக்டரம்மா."

"அப்பா, அண்ணன், யாராவது ஒரு ஆம்பளை."

பரிபூரணம் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அடியில் மூன்று கோடுகள் இருந்தன. கணவர், பாதுகாவலர், சாட்சி. அவளுக்கென்று ஒரு கோடு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"என் வயித்துக்குள்ள இருக்கத எடுக்க எங்கண்ணன் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"அது ரூல்."

"இத எடுக்காம ஆத்த முடியாதா?"

டாக்டரம்மாவுக்கு வெளியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அவசரக்காரர். "ஆம்பளைங்க யாரும் வந்து போறாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாங்க ஆறு பேரு சேலையோட சேலை முடிஞ்சு படுக்கோம். எவன் வருதான்."

உண்மைதான். இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்குப் பின்னால் ஆறு பெண்கள் வரிசையாகப் படுப்பார்கள். அந்த வரிசைக்குத் தலைவி கருத்தம்மாள் என்ற அறுபது வயதுக்காரி. ஒருத்தி முந்தானையை அடுத்தவள் முந்தானையோடு அவளே முடிந்துவிடுவாள். ஒருத்தி சேலையை எவனாவது இழுத்தால் ஆறு பேரும் விழித்து ஆறு வாயும் திறக்கும். அதற்கப்புறம் அவன் அந்த ஊரில் பஸ் ஏறவே யோசிப்பான்.

"ரத்த டெஸ்டுல ஒண்ணும் இல்லை, அது சரி. ஆனா புண் ஏன் ஆறமாட்டேங்குதுன்னு உனக்கே தெரியுமா? சுத்தம் இல்லை. பஸ் ஸ்டாண்டுல எப்படிச் சுத்தமா இருப்பே? அதனாலதான் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

பரிபூரணம் நின்றுகொண்டே யோசித்தாள். கூமாப்பட்டியில் பிறந்து வத்திராயிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. இரண்டாவது வருவதற்குள் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்துவிட்டான். அண்ணன் வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். நான்காம் மாதம் அண்ணி சோற்றுப்பானையைக் கழுவிக் கவிழ்த்த சத்தத்திலேயே விஷயம் புரிந்து, ஒரு மஞ்சள் பையோடு பஸ் ஏறிவிட்டாள். இப்போது வயது இருபத்தேழு. ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ உட்கார்ந்து பேசி முடிவெடுத்து, அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். இதை மட்டும் கொடுப்பதாக இல்லை என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை பெறப் போகிறோமா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. அது வேறு விஷயம்.

"மூணு மாசம் பொறுங்க டாக்டரம்மா. நீங்க சொல்லுத மாதிரி சுத்தமா இருந்து காட்டுதேன். ஆறலன்னா நானே வந்து படுத்துக்கிடுதேன்."

"மூணு மாசத்துல உனக்கு வீடு முளைச்சிடுமா?"

"முளைக்காது. ஆனா புண்ணு ஆறும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சரி. ஆனி பொறந்ததும் வா. இந்தக் காகிதத்தை வச்சுக்கோ, வர்றப்ப கையெழுத்தோட கொண்டு வா" என்றார். பரிபூரணம் அதை நான்காக மடித்து மஞ்சள் பையின் அடியில் வைத்தாள்.

அடுத்த அறையில் ஜெயபாய் சிஸ்டர் இருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள், மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, இருபது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியே கதி என்று கிடக்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் குரல் கேட்டால் வலியெடுத்த பெண்களின் வலியே கொஞ்சம் பின்வாங்கும் என்று ஆயாக்கள் சொல்வார்கள். மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டிக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"மாசத்துத் துணிய நல்லா சோப்புப் போட்டுத் துவைக்கணும். கொதிக்கத் தண்ணியில முக்கணும். பொறவு நல்ல வெயில்ல காயப்போடணும். ஈரமா மடிச்சு மடிச்சு வைக்கியல்லா, அதுதான் உன் புண்ணுக்குத் தீனி. வெயில் பட்டாத்தான் கிருமி சாவும். கேக்குதா?"

"கேக்கு சிஸ்டர். வெயிலு இருக்கு. கொடி எங்க இருக்கு?"

"எங்கயாவது பாத்துப் போடுட்டி. அதையும் நானா வந்து கட்டித் தரணும்?"

சிஸ்டருக்குச் சொல்ல எளிது. பஸ் ஸ்டாண்டுக் கம்பியில் ஒரு தடவை போட்டதற்கு டைம் கீப்பர் குச்சியால் தள்ளிச் சாக்கடையில் விட்டார். ரயில்வே லைன் ஓரத்துச் செடியில் போட்டால் நாய் இழுத்தது. நாய் இழுக்காத நாளில் பையன்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் துவைத்ததைப் பிழிந்து, தலைக்கு வைக்கும் சாக்குக்கு அடியில் விரித்துப் படுத்துக்கொள்வாள். உடம்புச் சூட்டில் பாதி காயும். மீதி ஈரத்தோடு மறுநாள் கட்டிக்கொள்வாள். வரிசையில் மற்ற நால்வருக்கும் இதே கதைதான். கருத்தம்மாளுக்கு மட்டும் நின்றுபோய்விட்டது. "ஆண்டவன் எனக்குக் குடுத்த ஒரே சொகம் இதுதாம்ட்டி" என்று அவள் கேலி பேசுவாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனபோது பரிபூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாக அவள் வேலை பார்ப்பதே காயப்போடும் வேலைதான். ஊருக்கு வெளியே ஒரு பேண்டேஜ் கம்பெனி. நெய்த காஜ் துணியைச் சலவைத் தொட்டியில் போட்டு வெளுத்து, அலசி, மூன்று ஏக்கர் களத்தில் மூங்கில் நட்டு வரிசை வரிசையாகக் கட்டிய கொடிகளில் விரித்துவிட வேண்டும். காலையில் களத்துக்குள் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. கண் கூசும். வெயில் பொழிந்து தள்ளும். ஊரிலுள்ள முழங்காலுக்கும் தலைக்கும் சுற்றப்போகிற கட்டுத்துணி அங்கே சுகமாகக் காய்ந்துகொண்டிருக்கும். அதைக் காயப்போடுகிறவள் ஈரத்துணியோடு நிற்பாள். இத்தனை நாள் இது தன் மண்டையில் ஏறவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கழிவுத் துண்டுகளை அள்ளிக்கொள்ளக் கம்பெனியில் யாரும் தடை சொல்வதில்லை. அதிலிருந்து ஆறு எடுத்து, எட்டு மடிப்பாக மடித்து, ஓரத்தில் நீல நூலால் தையல் போட்டாள். கம்பெனித் துணியோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நீலம். பாய்லரிலிருந்து வெந்நீர் வடியும் குழாயில் அலசினாள். களத்தின் கடைசி வரிசையில், மதில் ஓரம், இரண்டு காஜ் விரிப்புகளுக்கு இடையே போட்டாள். வெள்ளைக்குள் வெள்ளை. மேற்பார்வை பார்க்கும் சங்கையா அந்தக் கோடிக்கு வருவதே இல்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. முகத்தில் வைத்துப் பார்த்தாள். வாடை என்று ஒன்றும் இல்லை, வெயில் வாடை மட்டும். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மாசி முடிந்து பங்குனியில் ஒரு மாதம் தாண்டியது. வெள்ளைப்படுவது பாதியாகக் குறைந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்காரவில்லை. மற்ற நால்வரும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் நீல நூல் தையல் போட்டுக் கொடுத்தாள். அவற்றையும் தானே களத்துக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஒன்று இரண்டு என்றால் நினைவில் வைத்து எடுக்கலாம். பங்குனிக் கடைசியில் மலைக்காற்று ஒரு நாள் களத்தைப் புரட்டிப் போட்டது. விரிப்புகள் சுருண்டன, எல்லோரும் ஓடி ஓடிச் சுருட்டினார்கள். மறுநாள் மடிக்கும் அறையில் ஒரு சுருளைப் பிரித்தபோது, நடுவிலிருந்து நீல நூல் தையலோடு எட்டு மடிப்புத் துண்டு ஒன்று விழுந்தது. அது என்ன என்று அங்கிருந்த பெண்களுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. சங்கையாவுக்குச் செத்த நேரம் ஆனது. தெரிந்தவுடன் இரண்டு குச்சியால் அதைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார்.

"எவளோட வேலை இது? ஆஸ்பத்திரிக்குப் போற துணியில தீட்டுத்துணியைக் கொண்டாந்து சொருகியிருக்காளே, யாருட்டி அவ?"

முப்பது பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "எங்களுக்கெல்லாம் வீடு வாசல் இருக்கு அண்ணாச்சி" என்றாள். யாரென்று பெயர் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று.

"என்னோடதுதான்" என்றாள் பரிபூரணம்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"துணியோட துணியாச் சுருட்டுனது என் தப்பு அண்ணாச்சி. அம்புட்டையும் திரும்ப நானே வெளுத்துத் தாரேன். ஆனா காயப்போட்டது தப்பில்ல. நீங்க வெளுக்குத காஜ் ஆஸ்பத்திரியில போயி சந்தனமா தொடைக்கப் போவுது? ரத்தத்தத்தான் தொடைக்கும். அது நல்ல ரத்தம், என்னோடது மட்டும் கெட்ட ரத்தமா?"

பதில் இல்லாத மனிதர்கள் செய்வதைச் சங்கையாவும் செய்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பரிபூரணம் குச்சியிலிருந்த துண்டைக் கையால் எடுத்து, உதறி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். கேட்டைத் தாண்டும்வரைதான் அந்த வீறாப்பு. தாண்டியதும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். வேலை போனதற்காக மட்டும் அழவில்லை. இன்னும் இரண்டு மாதம் இருந்தது, கொடி போய்விட்டது.

கருத்தம்மாள் தேறுதல் சொல்லத் தெரியாதவள். "கெடக்கட்டும். எடுக்கச் சொன்னா எடுத்துட்டுப் போட்டும். எனக்கு அது இருந்தும் என்னத்தக் கண்டேன்" என்றாள்.

"அப்படிச் சொல்லாத ஆச்சி. நா சிஸ்டரப் பாத்துட்டு வாரேன்."

மறுநாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது அவள் தூரமாகி, மாதவிலக்கின் இரண்டாம் நாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் நர்ஸ் குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை, மேலே மொட்டை மாடி. ஜெயபாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் பரிபூரணம் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"வேலைக்குப் போன இடத்துல ஏன்ட்டி இதெல்லாம் செய்த?" என்றாள் ஜெயபாய்.

"எங்கயாவது பாத்துப் போடுன்னு நீங்கதான சொன்னிய."

ஜெயபாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "சரி, உள்ள போயி மாத்திட்டு வா. பாத்ரூம்ல தண்ணி இருக்கு."

பரிபூரணம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் பின்னால் ஒரு ஆணி. ஆணியில் ஒரு துண்டு. துண்டு ஒரு பக்கம் வெளிப்புறமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அடியில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தொட்டுப் பார்த்தாள். மூன்று துணிகள். துவைத்தவை, சுத்தமானவை. ஆனால் ஈரம். ஜன்னல் இல்லாத அறை; அவை நாளைக்கும் ஈரமாகத்தான் இருக்கும். வாடைகூட அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடைதான்.

மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேப்பேன், ஏசக் கூடாது."

"என்ன?"

"உங்களுக்கு வீடு இருக்கு. மேல மாடி இருக்கு. சோப்பு, வெந்நி எல்லாம் இருக்கு. உங்க துணி ஏன் கதவுக்குப் பின்னால கெடக்கு?"

ஜெயபாயின் முகம் சிவந்தது. "என் வீட்டுக்குள்ள வந்து என்னையே வேவு பாக்கியா? வெளிய போட்டி" என்றாள். வலியெடுத்த பெண்களை அடக்கும் அந்தக் குரலில்தான் சொன்னாள். ஆனால் பரிபூரணம் போகவில்லை. அசையாமல் நின்றாள். போக அவளுக்கு வேறு இடமும் கிடையாது.

ஜெயபாய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"எதுத்தாப்புல டாக்டர் வீட்டு ஜன்னல். காம்பவுண்டர் ஐயாதுரை சார் மாடியிலதான் வந்து பீடி குடிப்பாரு. அவிய கண்ணுல படுத மாதிரி எப்படிப் போட? எங்கம்மையும் இப்படித்தான் சேலைக்கு அடியில ஒளிச்சுப் போடுவா. நானும் அப்படியே பழகிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் ரெண்டு வருசமா அரிப்புத்தான். களிம்பு போட்டுக்கிட்டு ஓட்டுதேன்" என்றாள்.

இருபது வருஷமாக ஆயிரம் பெண்களுக்கு வெயில் வெயில் என்று சொன்ன வாய். பரிபூரணத்துக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. அதே சமயம் விட்டுவிடவும் அவளுக்கு மனம் இல்லை.

"எனக்குக் கொடி இல்ல, அதனால போடல. உங்களுக்குக் கொடி இருந்தும் போடல. ரெண்டு பேரு புண்ணும் ஒண்ணுதான் சிஸ்டர். எனக்குக் கர்ப்பப்பைய எடுத்துப்போடச் சொன்ன மாதிரி உங்களுக்கு யாரும் சொல்லமாட்டாவ, அம்புட்டுத்தான் வித்தியாசம். நா மாடியில ஒரு கயிறு கட்டிக்கிடட்டுமா?"

ஜெயபாய் எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்தாள்.

இரண்டு பேருமாக மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் ஏரியல் கம்பிக்கும் நடுவே கட்டினார்கள். பரிபூரணம் தன் துணியை விரித்தாள். ஜெயபாய் கீழே போய்த் தன்னுடைய மூன்றையும் கொண்டுவந்தாள். பழக்கதோஷத்தில் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடப் போனவள், பரிபூரணம் பார்ப்பதைப் பார்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

எதிர்ப்பு வரும் என்று இருவருக்கும் தெரியும். மூன்றாம் நாளே வந்தது. ஐயாதுரை காம்பவுண்டர் பீடியைக் காலில் மிதித்துவிட்டு இறங்கிவந்து, "சிஸ்டர், மாடியில என்னத்தத் தொங்கவிட்டிருக்கிய? கண்ட கண்ட பொம்பளையும் வந்து போறாளே. வாட்ச்மேன்ட்ட சொல்லி உள்ள விடக் கூடாதுன்னு வச்சிருக்கேன்" என்றார்.

ஜெயபாய்க்கு அந்த ஆஸ்பத்திரியின் சுபாவம் அத்துப்படி. அங்கே வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். சீட்டில் எழுதியிருந்தால் மறுபேச்சு கிடையாது. பரிபூரணத்தின் ஓ.பி. சீட்டை எடுத்து, மாத்திரைக்குக் கீழே தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: 'மாதவிடாய்த் துணி. வெயிலில், குவார்ட்டர்ஸ் மாடியில், தினம் நான்கு மணி நேரம். மூன்று மாதம்.' கீழே ஆஸ்பத்திரி முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"இது ட்ரீட்மெண்ட் சார். நீங்க சீட்டப் பாத்துத்தான மருந்து குடுப்பிய? வாட்ச்மேனும் சீட்டப் பாத்து உள்ள விடட்டும்."

"இதெல்லாம் எழுத டாக்டருக்குத்தான அதிகாரம்?"

"டாக்டரம்மாகிட்ட நீங்களே போயி கேளுங்க, மாதவிடாய்த் துணி காயப்போடலாமான்னு."

ஐயாதுரை கேட்கவில்லை. அந்த வார்த்தையை வாயால் சொல்லவேண்டி வருமே என்று பயந்து கேட்கவே இல்லை. அன்றிலிருந்து பீடிக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார். வாட்ச்மேன் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, முத்திரை இருக்கிறது என்று உள்ளே விட்டான்.

பரிபூரணம் ஜாகையை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றிக்கொண்டாள். பால்கோவாக் கடை ஒன்றில் அண்டா தேய்க்கும் வேலை கிடைத்தது. கருத்தம்மாள் மற்ற நால்வரையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தாள். "ஒரு முடிச்சு அவுந்தா வரிசையே போச்சுல்லா" என்று காரணம் சொன்னாள். நால்வருக்கும் ஜெயபாய் சீட்டு எழுதினாள். சித்திரை வெயிலில் மாடிக்கொடி நிறைந்து கிடந்தது. டாக்டர் வீட்டு ஜன்னல் இரண்டு நாள் சாத்தியிருந்தது. அப்புறம் புழுக்கம் தாங்காமல் திறந்துகொண்டது.

ஆனி பிறந்தது. பரிபூரணத்துக்கு முந்தின நாள்தான் குளித்து முடிந்திருந்தது. துணிகளைத் துவைத்து மாடியில் விரித்துவிட்டு, மஞ்சள் பையோடு டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். மேசையில் படுத்தாள். கூரையில் ஒரு பல்லி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். டாக்டரம்மா விளக்கைத் திருப்பினார், குனிந்தார், மறுபடி விளக்கைத் திருப்பினார். பக்கத்தில் ஜெயபாய் கிண்ணத்தை ஏந்தி நின்றாள்.

"ஆறியிருக்கே" என்றார் டாக்டரம்மா. மறுபடி குனிந்து பார்த்தார். "நல்லாவே ஆறியிருக்கு. சிஸ்டர், இவளுக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"அதே மாத்திரைதான் டாக்டர்" என்றாள் ஜெயபாய்.

டாக்டரம்மா சீட்டை எடுத்துப் படித்தார். கடைசி வரியில் அவர் கண் நின்றது. குவார்ட்டர்ஸ் மாடிக்கு எதிரே இருப்பது அவர் வீட்டு ஜன்னல்தான். இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த கொடி எதற்கென்று இப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்த வரிக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"அந்த ஃபாரம் குடுத்தேனே, அதுல யார் கையெழுத்து வாங்கினே?"

பரிபூரணம் இறங்கி, பையின் அடியிலிருந்து காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மடிப்பு மடிப்பாய்ப் பழுத்துப் போயிருந்தது. மூன்று கோடுகளும் காலியாக இருந்தன.

"யார்கிட்டயும் வாங்கல டாக்டரம்மா. யாருக்கும் பாத்தியதை இல்ல."

டாக்டரம்மா படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். "உக்காரு. இனிமே எப்படிப் பாத்துக்கணும்னு சொல்றேன்" என்று முதல்முறையாக அவளுக்கு நாற்காலியைக் காட்டினார். பரிபூரணம் உட்காரப் போனவள் ஜன்னலைப் பார்த்தாள். மேற்கே மலை தெரியவில்லை. அறைக்குள் இருள் கூடிக்கொண்டு வந்தது. சாரல் காற்று திரைச்சீலையைத் தூக்கியது.

"செத்த நேரம் பொறுங்க டாக்டரம்மா, இந்தா வாரேன். மழ வருது. மாடியில துணி கெடக்கு."

பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள். மூன்று வருஷமாக மழை என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான்: பையை அள்ளிக்கொண்டு எந்தக் கடையின் தாழ்வாரம் காலியாக இருக்கிறது என்று ஓடுவது. துணி எடுக்க ஓடும் பெண்களை அந்தந்தத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு பார்த்திருக்கிறாள். இப்போது அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவார்ட்டர்ஸ் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். முதல் சொட்டு தோளில் விழுந்தது. நீல நூல் போட்டதையும் போடாததையும் ஒரே வாரலாக வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லாம் காய்ந்துதான் இருந்தன. ஒன்றுகூட நனையவில்லை.